ஓர் இலை, பல கன்றுகள்: வீட்டிலேயே பெகோனியா பெருக்கும் முறை

திருவண்ணாமலையில் பெரிய கோயிலிலிருந்து செங்கம் செல்லும் சாலையில் சுமார் 2 கிலோமீட்டர் தொலைவில் ரமணாசிரமம் அமைந்துள்ளது. 1922-ஆம் ஆண்டு மறைந்த அன்னை அழகம்மையின் சமாதியைச் சுற்றி எழுந்த குடிலே பின்னாளில் ஆசிரமமாக வளர்ந்தது. ரமண மகரிஷி 1950-ஆம் ஆண்டு மறைந்த பின்னரும் அங்கு வருவோர் குறையவில்லை. கார்த்திகை தீபம் தொடங்கி மாசி வரையிலான குளிர் மாதங்களில் வெளியூர் அன்பர்களும் வெளிநாட்டவரும் வந்து, சுற்றியுள்ள வீடுகளில் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தங்குகிறார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டி வீடுகளும் விடுதிகளும் பெருகியிருக்கின்றன. திண்ணையிலும் படிக்கட்டிலும் தொட்டிச் செடி வைத்து அழகு பார்க்க விரும்புவோர் அங்கு உண்டு.

இப்பகுதியின் சிற்றூர்களில் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்து மணிலா, நெல், பூச்செடி என்று பயிர் செய்யும் சிறு விவசாயக் குடும்பங்கள், வீட்டின் வடபுற நிழலில் 2 சென்ட் இடம் இருந்தால் தொட்டிச் செடி வளர்த்து ஓரளவு பணம் பார்க்கலாம். இதற்கு நாற்றுப் பண்ணையிலிருந்து நூற்றுக்கணக்கில் கன்று வாங்க வேண்டியதில்லை. பெகோனியா போன்ற சில செடிகளை ஓர் இலையிலிருந்தே பல கன்றுகளாகப் பெருக்க முடியும். ஆனால் முறை தெரியாமல் இறங்கினால், வைத்த இலையெல்லாம் பத்தே நாளில் கறுத்து அழுகிவிடும். பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான். அழுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்ப் பஞ்சம் அல்ல, தண்ணீர் மிகுதியே.

இலையிலிருந்து செடி வருவது எப்படி?

ரணகள்ளியை அறியாத கிராமம் இல்லை. அதன் இலையைக் கிள்ளிச் சுவரோரம் போட்டாலும், பிள்ளைகள் புத்தகத்துக்குள் வைத்தாலும், இலை விளிம்பின் பள்ளங்களில் குட்டிக் கன்றுகள் முளைப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கன்றாக வளரக்கூடிய மொட்டுத் திசு ரணகள்ளி இலையின் விளிம்பிலேயே ஏற்கெனவே அமைந்திருக்கிறது. ஆகவே அது சுலபமாக முளைக்கிறது.

பெகோனியா இலையில் அப்படி முன்கூட்டியே அமைந்த மொட்டு கிடையாது. இலை நரம்பை வெட்டியதும், வெட்டுக்காயத்தின் அருகே உள்ள உயிரணுக்கள் புதிதாகப் பிரியத் தொடங்குகின்றன. அவற்றிலிருந்து முதலில் வேரும், பிறகு தளிரும் உருவாகின்றன. இதற்கு நாள் பிடிக்கும். அந்த நாள் வரை வெட்டிய இலை வாடாமலும் அழுகாமலும் உயிரோடு இருக்க வேண்டும். இலைப் பெருக்கத்தின் சூட்சுமம் முழுவதும் இவ்வளவுதான்.

எல்லாச் செடியின் இலையும் இப்படிச் செடியாகி விடாது. ரப்பர் செடியின் தனி இலையை ஊன்றினால் வேர் விடும். மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். ஆனால் தளிர் வராது. வேர் விடுவது வேறு, தளிர் விடுவது வேறு. மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் போத்து, பதியம், ஒட்டு ஆகியவையே உரிய முறைகள். அவற்றின் இலையை ஊன்றிக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

எந்தப் பெகோனியா ஏற்றது?

பெகோனியா இனத்தில் உலகெங்கும் 2000-க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும் காட்டு வகைகள் உண்டு. உதகை, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலை ஊர்களில் இது எளிதாகத் தழைக்கும். தோட்டக்காரர்கள் வளர்க்கும் வகைகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, ரெக்ஸ் பெகோனியா. அசாம் பகுதியின் காட்டு வகையிலிருந்து வந்தது. பூவுக்காக அல்ல, இலைக்காகவே வளர்க்கப்படுகிறது. வெள்ளி, சிவப்பு, ஊதா நிறக் கோலங்கள் கொண்ட அகன்ற இலை உடையது. இலைத் துண்டு முறைக்கு மிகவும் ஏற்ற வகை இதுவே.

இரண்டாவது, மூங்கில் போலக் கணுக்களுடன் நிமிர்ந்து வளரும் வகை. இதை 2 அல்லது 3 கணு உள்ள தண்டுத் துண்டால் பெருக்குவதே நல்லது. சமவெளியின் வெப்பத்தை இது ரெக்ஸ் வகையைவிடச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும்.

மூன்றாவது, பளபளக்கும் சிறு இலைகளுடன் ஓயாமல் பூக்கும் மெழுகுப் பெகோனியா. இதை விதையாலோ நுனித் தண்டாலோ பெருக்கலாம்.

ஆகவே, கையில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொண்ட பிறகே கத்தியை எடுக்க வேண்டும்.

ஏற்ற பருவம்

இலைத் துண்டு வேர்விட 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் உகந்தது. 30 டிகிரியைத் தாண்டினால் அழுகல் மிகும். பங்குனி முதல் ஆனி வரை திருவண்ணாமலையில் வெயில் கடுமையாக இருக்கும். அந்த மாதங்களில் இலை ஊன்றக் கூடாது.

இம்மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை கிடைக்கிறது. ஆடிக் கடைசியில் மழை விழுந்து இரவு குளிரத் தொடங்கியதும் முதல் தொகுதி இலைகளை ஊன்றலாம். ஆவணி, புரட்டாசி மாதங்களில் கன்றுகள் முளைத்து, ஐப்பசி, கார்த்திகையில் தனித் தொட்டிக்கு மாறி, தை மாத வாக்கில் விற்பனைக்கு வரும். வெளியூரார் வரும் காலமும் அதுவே. ஐப்பசிக்குப் பிறகு ஊன்றினாலும் வேர் நன்றாகவே விடும். ஆனால் கன்று தேறுவதற்குள் பங்குனி வெயில் வந்துவிடும். எனவே பிந்திய தொகுதியை வீட்டுத் தேவைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இடமும் மண் கலவையும்

வீட்டின் வடக்குத் தாழ்வாரம், மாட்டுக் கொட்டகையை ஒட்டிய நிழல், அடர்ந்த மரத்தடி ஆகியவை ஏற்ற இடங்கள். நேர் வெயில் படக்கூடாது. அதே சமயம் இருட்டாகவும் இருக்கக்கூடாது. செய்தித்தாளின் சிறு எழுத்தைச் சிரமமின்றிப் படிக்கும் அளவு வெளிச்சம் வேண்டும். நிழல்வலை கட்டுவதானால் 75 சதவீத நிழல் தரும் வலை போதும்.

ரமணாசிரமப் பகுதியில் குரங்குகளின் தொல்லையையும் கணக்கில் கொள்ள வேண்டும். திறந்த இடத்தில் தொட்டியை வைத்து அதன் மேல் பிளாஸ்டிக் உறை போட்டால், அதை ஒரே நாளில் கிழித்துவிடும். பழைய கோழிக் கூண்டோ கம்பி வலைச் சட்டமோ கொண்டு மூடுவது அவசியம்.

இலை ஊன்றும் கலவையில் உரம் சேர்க்கவே கூடாது. வேர் இல்லாத இலைக்கு உரத்தால் பயன் இல்லை. பூசணம் வளரவே அது உதவும். கழுவிச் சலித்த பருமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு கலந்தால் போதும். நார்க்கழிவை மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்க வேண்டும். கலவையை ஒரு சட்டியில் இட்டுக் கொதிக்கும் நீரை ஊற்றி, வடிந்து ஆறிய பின் பயன்படுத்தினால் பூசண வித்துக்கள் பெரும்பாலும் மடியும்.

கைப்பிடி கலவையை எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டுமே வர வேண்டும். தாரையாக ஒழுகினால் ஈரம் அதிகம்; உலர்த்திய பின்பே இலை ஊன்ற வேண்டும்.

இலையைத் தேர்ந்தெடுத்தல்

இளந்தளிரும் ஆகாது, பழுத்த இலையும் ஆகாது. முழு அளவை எட்டி, நிறம் முற்றி, விறைப்பாக நிற்கும் நடு வயது இலையே சிறந்தது. காலை வேளையில், இலை நீர்ச்சத்து நிறைந்து இருக்கும்போது, 5 சென்டிமீட்டர் காம்புடன் அறுக்க வேண்டும். ஒரு செடியில் உள்ள இலைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது; எடுத்தால் தாய்ச்செடி நலியும்.

புள்ளி, சாம்பல் படிவு, மாவுப்பூச்சி, நரம்புகளுக்கு இடையே பழுப்புத் திட்டு ஆகியவை உள்ள இலையை ஒதுக்கிவிட வேண்டும். இலையோடு நோயும் பெருகும் என்பதை மறக்கலாகாது. ஒரு நோயுற்ற இலையை நான்காக வெட்டினால் நான்கு நோயுற்ற துண்டுகள்தான் கிடைக்கும். கத்தியோ பிளேடோ கூர்மையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு செடிக்கும் இடையில் அதைச் சாராயத்தால் துடைக்கவோ நெருப்பில் காட்டி ஆறவைக்கவோ வேண்டும்.

மூன்று முறைகள்

1. காம்பு முறை: தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது. காம்பை 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளம் விட்டு நறுக்கி, கலவையில் சாய்வாக ஊன்ற வேண்டும். இலைப்பரப்பு மண்ணில் படக்கூடாது. காம்பின் அடியில் வேரும் கன்றும் தோன்றும். கன்றுகளின் எண்ணிக்கை குறைவு. ஆனால் அழுகலும் குறைவு.

2. நரம்பு கீறும் முறை: இலையைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தின் தடித்த நரம்புகளை 3 சென்டிமீட்டர் இடைவெளியில் பிளேடால் குறுக்கே கீற வேண்டும். பிறகு இலையை நிமிர்த்தி, கீறிய பக்கம் கலவையில் படும்படி விரித்து வைக்க வேண்டும். காம்பை மண்ணுக்குள் செருகிவிடலாம். கீறிய இடங்கள் மண்ணை விட்டு எழும்பாமல் இருக்க, தென்னை ஈர்க்கை வளைத்துக் கொக்கி போலக் குத்தி வைக்கலாம். ஒவ்வொரு கீறலிலும் கன்று தோன்ற வாய்ப்புண்டு.

3. ஆப்புத் துண்டு முறை: எண்ணிக்கை மிகுதியாகத் தேவைப்படும்போது ஏற்றது. இலையின் ஓரத்தை வட்டமாக நறுக்கி நீக்கிவிட்டு, காம்பு சேரும் நடுப்புள்ளியிலிருந்து முக்கோணத் துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு தடித்த நரம்பு கட்டாயம் இருக்க வேண்டும். நரம்பு இல்லாத துண்டு பயன்படாது. குறுகிய முனை கீழே இருக்குமாறு, துண்டின் மூன்றில் ஒரு பங்கு மண்ணில் புதையும்படி நிறுத்த வேண்டும். தலைகீழாக ஊன்றக் கூடாது.

எந்த முறையானாலும், வெட்டிய துண்டை நிழலில் அரை மணி நேரம் வைத்து, வெட்டுவாய் சற்று உலர்ந்த பின் ஊன்றுவது நல்லது. வேர் ஊக்கி மருந்து தேவையில்லை. போத்துகளுக்குப் பயன்படும் அம்மருந்தைப் பெகோனியா இலைக்கு மிகுதியாக இட்டால் வேர் கொத்தாக வரும், தளிர் தடைப்படும். வீண் செலவும் கூட.

ஈரக் காற்று வேண்டும், சேறு வேண்டாம்

வேர் இல்லாத இலைக்கு வாய் இல்லை. மண்ணில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் அதனால் போதிய அளவு உறிஞ்ச முடியாது. மாறாக, மண்ணில் தேங்கும் நீர் காற்றை வெளியேற்றி வெட்டுவாயை அழுகச் செய்கிறது. இலை வாடாமல் காப்பது அதைச் சுற்றியுள்ள காற்றின் ஈரமே. இதற்கு இரண்டு ஏற்பாடுகள் செய்ய வேண்டும்.

முதல் ஏற்பாடு, மூடி. அகன்ற மண் தொட்டியில் மூங்கில் சிம்புகளை வில்லாக வளைத்துக் குத்தி, அதன் மேல் ஒளி ஊடுருவும் பாலித்தீன் உறையைப் போர்த்திக் கட்டலாம். உறை இலையைத் தொடக்கூடாது. உட்புறம் பனித்துளி போல ஈரம் படிந்திருந்தால் சரி. துளிகள் ஒழுகி இலை மேல் சொட்டினால் ஈரம் மிகுதி. உறையைச் சற்று நேரம் திறந்து வைக்க வேண்டும். நாள்தோறும் காலையில் 10 நிமிடம் திறந்து காற்று மாற்றுவது அவசியம். வெயில் பட்டால் உறைக்குள் வெப்பம் ஏறி இலை வெந்துவிடும் என்பதால் எப்போதும் நிழலிலேயே இருக்க வேண்டும்.

இரண்டாவது ஏற்பாடு, கசிவுக் கலயம். பானைப் பாசனம் அறிந்த விவசாயிகளுக்கு இது எளிதில் விளங்கும். அகன்ற தொட்டியின் நடுவில், மெருகு பூசாத சிறிய மண் கலயம் ஒன்றைப் புதைக்க வேண்டும். கலயத்தில் ஓட்டை இருந்தால் களிமண்ணாலோ தக்கையாலோ அடைக்க வேண்டும். சுற்றிலும் இலை ஊன்றும் கலவையை நிரப்பி, கலயத்தில் மட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டும். கலயத்தின் சுவர் வழியே நீர் மெல்லக் கசிந்து கலவையை ஒரே சீரான ஈரத்தில் வைத்திருக்கும். இலை மீது தண்ணீர் படாது. வேலைக்குச் செல்லும் வீட்டாருக்கு அன்றாடம் தண்ணீர் ஊற்றும் கவலையும் இல்லை. பெரிய தொட்டியின் அடி ஓட்டை மட்டும் திறந்தே இருக்க வேண்டும்.

ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பாக இருந்தால் கலயத்துக்கு மழைநீரைப் பயன்படுத்துவது நல்லது. ஆடி, ஆவணி மழையில் ஒரு குடம் பிடித்து வைத்தால் பல நாளைக்குப் போதும்.

நாள்தோறும் கவனிக்க வேண்டியவை

முதல் இரண்டு வாரம் வெளிப்பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது. இலையைப் பிடுங்கிப் பார்க்கும் ஆசை அப்போதுதான் வரும்; பிடுங்கக் கூடாது. 3 முதல் 4 வாரத்தில் வேர் விடும். இலையை மெல்ல அசைத்தால் பிடிப்பு தெரியும். 6 முதல் 8 வாரத்தில் நரம்போரம் கடுகு அளவு தளிர்கள் தலைகாட்டும்.

எந்தத் துண்டாவது கறுத்துக் குழைந்தால் அன்றைக்கே அதைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். அருகில் உள்ள துண்டு நன்றாக இருக்கிறதே என்று விட்டுவைத்தால், மூடிக்குள் பூசணம் ஓரிரு நாளில் பரவும். நத்தைகள் தளிரைத் தின்னும். இரவில் விளக்குப் பிடித்துப் பார்த்துப் பொறுக்க வேண்டும்.

பிரித்து நடுதல்

கன்றில் 3 இலை வந்து, ஒவ்வோர் இலையும் ஒரு பைசா நாணய அளவைத் தாண்டிய பின் பிரிக்கலாம். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே மூடியை நாளுக்கு நாள் கூடுதல் நேரம் திறந்து வைத்துக் கன்றைப் பழக்க வேண்டும். ஒரேயடியாக மூடியை எடுத்தால் கன்று துவண்டுவிடும்.

மக்கிய தொழு உரம் அல்லது இலை மக்கு 2 பங்கு, செம்மண் 1 பங்கு, மணல் அல்லது நார்க்கழிவு 1 பங்கு கலந்து, 4 அங்குலத் தொட்டியில் நட வேண்டும். தொழு உரம் 1 கிலோவுக்கு டிரைகோடெர்மா விரிடி 50 கிராம் கலந்து, ஈரப்படுத்தி, நிழலில் சில நாள் வைத்திருந்து பயன்படுத்தினால் வேரழுகல் குறையும். தண்டின் அடிப்பகுதியை ஆழப் புதைக்கக் கூடாது. மேல் மண் காய்ந்த பின்பே நீர் ஊற்ற வேண்டும். மாலையில் இலை நனையும்படி தெளிக்கக் கூடாது. இரவு முழுதும் ஈரம் நின்றால் இலைப்புள்ளியும் சாம்பல் நோயும் வரும்.

பெகோனியாவில் ஆக்ஸலேட் என்னும் பொருள் உள்ளது. ஆடு, மாடு, குழந்தைகள் வாய் வைக்காத இடத்தில் தொட்டிகளை வைக்க வேண்டும்.

கணக்குப் பார்த்துத் தொடங்குக

மூன்று தாய்ச்செடி வாங்குவதாகக் கொள்வோம். செடிக்கு 3 இலை வீதம் 9 இலை. இலைக்கு 4 துண்டு வீதம் 36 துண்டு. கைப்பழக்கம் இல்லாத முதல் ஆண்டில் பாதி அழுகும் என்று வைத்தால் மிச்சம் 18. துண்டுக்கு ஒரு கன்று என்றே கொண்டு, பிரித்து நடுவதில் 4 போனால் 14. அடுத்த ஆண்டுக்குத் தாயாக 4 செடியை நிறுத்தினால், விற்க 10 செடி மிஞ்சும்.

தாய்ச்செடி விலை, தொட்டி, உறை, வலை, வண்டிச் சத்தம் எல்லாவற்றையும் கூட்டி 10-ஆல் வகுத்தால் ஒரு செடியின் அடக்க விலை தெரியும். ஊரில் அந்த விலைக்கு மேல் கேட்பார் உண்டா என்று முதலில் விசாரித்த பின்பே அடுத்த ஆண்டுக்கு எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். இதற்காகக் கடன் வாங்கவோ, பயிர் நிலத்தைக் குறைக்கவோ கூடாது. இது நிழல் இடத்தையும் ஓய்வு நேரத்தையும் பணமாக்கும் துணைத்தொழிலே தவிர, வயலுக்கு மாற்று அல்ல.

சமவெளியில் பெகோனியாவுக்குச் சித்திரை, வைகாசி மாதங்களே சோதனைக் காலம். விற்காமல் தேங்கிய செடி அந்த வெயிலில் பெரும்பாலும் வீணாகும். எனவே மாசிக்குள் விற்றுவிட வேண்டும். நிறுத்தி வைக்கும் தாய்ச்செடிகளைத் தரை ஈரமுள்ள தண்ணீர்த் தொட்டியோரம், நனைத்த சாக்கு கட்டிய தடுப்புக்குள் வைத்துக் காக்க வேண்டும். வாங்குபவருக்கும் இதைச் சொல்லி விற்பதே நேர்மை. வெயிலில் வைத்துச் செடி செத்தால், அவர் அடுத்த முறை வரமாட்டார்.

முதலில் மருள் இலையில் பழகுக

செலவே இல்லாமல் கை பழக வேண்டுமென்றால் வேலியோரத்தில் தானாக வளரும் மருளில் தொடங்கலாம். முற்றிய மடலை 8 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, இரண்டு நாள் நிழலில் ஆறவிட்டு, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி மணலில் ஊன்றினால் ஓரிரு மாதங்களில் வேர் விட்டு, பிறகு மெதுவாகக் கன்று விடும். மருள் வகையைச் சேர்ந்த பாம்புச்செடியும் அவ்வாறே பெருகும். வெயிலையும் வறட்சியையும் தாங்குவதால் ஆண்டு முழுவதும் விற்கலாம். ஒரு எச்சரிக்கை: மஞ்சள் விளிம்புள்ள பாம்புச்செடியை இலைத் துண்டால் பெருக்கினால் கன்றில் மஞ்சள் விளிம்பு இராது, வெறும் பச்சையாகவே வரும். அந்த வகையைப் பக்கக் கன்று பிரித்தே பெருக்க வேண்டும்.

மருளில் தண்ணீரைக் குறைக்கப் பழகிய கை, பெகோனியாவில் தவறாது. மேற்கொண்டு விவரம் தேவைப்படுவோர் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தையோ, வாழவச்சனூரில் உள்ள வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம். இந்த ஆடியில் 3 இலையோடு தொடங்குவோர், அழுகியது எத்தனை, முளைத்தது எத்தனை என்று ஒரு சிறு நோட்டில் தேதியோடு குறித்து வர வேண்டும். அடுத்த ஆடியில் எத்தனை இலை ஊன்றலாம் என்பதை அந்த நோட்டே சொல்லும்.